நெடுந்தீவில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு மருமகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். கடலோடு எனக்குள்ள பழக்கம் மெரினா இரண்டு முறை, ராமேஸ்வரம் ஒரு முறை. அவ்வளவுதான். இப்போது இலங்கையில், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

என் மனைவி இங்கே அணையோரத்து இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். 2021இலிருந்து அரசாங்கம் அதை மறுவாழ்வு முகாம் என்று எழுதுகிறது. பஸ் கண்டக்டர் இன்னும் ‘கேம்ப் இறங்கு’ என்றுதான் குரல் கொடுக்கிறார். அவளுடைய அம்மா நெடுந்தீவில் பிறந்தவர். எனக்கு அத்தை. அவர்கள் வழக்கில் மாமி. ‘மாமி என்று கூப்பிடுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி, ஏழு வருடத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

1990இல் சண்டை மறுபடியும் மூண்டபோது பத்தொன்பது வயதில் படகேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு அவர் கடலைப் பார்க்கவில்லை. அவர் போய்வருவதென்றால் தாள், முத்திரை, அனுமதி என்று நீளும். போனால் திரும்ப விடுவார்களா என்ற பயம் வேறு. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. “நீங்கள் போய்ப் பாருங்கள். வீடு நிற்கிறதா, விழுந்துவிட்டதா, அதை மட்டும் வந்து சொல்லுங்கள்” என்கிறார்.

சரி, விலாசம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்: தீவின் மேற்குப் பக்கம். கல்வேலி போட்ட வளவு, அதாவது வீட்டைச் சுற்றிய நிலம். படலைக்கு (வேலிக் கதவு) இரண்டு பக்கமும் பூவரசு. உள்ளே ஒரு கிணறு. கிணற்றுக்குத் தெற்கே ஏழு பனை. கதவு எண், தெருப் பெயர் எதுவும் கிடையாது. இந்த விலாசத்தை வைத்துக்கொண்டு எங்கள் மண்டியிலிருந்து ஒரு பெட்டித் தக்காளிகூட அனுப்ப முடியாது.

யூடியூபில் பதினொரு வீடியோ பார்த்தேன். பதினொன்றும் ஒன்றுதான். குதிரைகள் ஓடுகின்றன, பொந்து விழுந்த பெருக்கமரத்துக்குள் ஒருவர் நுழைந்து கையசைக்கிறார், ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடு, இடிந்த கோட்டை, கடைசியில் சூரியன் மறைகிறது. ஒரு மனிதர் வாசலில் நின்று பேசுவதை எதிலும் காணவில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்களா, இல்லையா? எப்படிப் போவது, எங்கே தங்குவது, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய வீட்டை யாரிடம் கேட்டுக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓசூர் பயணி:

போன வருடம் போய் வந்தேன். வழியைச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, பலாலியில் இறங்கும். 2019 கடைசியில் தொடங்கியது, கொரோனா காலத்தில் நின்று பிறகு மீண்டும் வந்தது. மலிவாகப் போக வேண்டுமானால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி உடனே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தர்மபுரியிலிருந்து சேலம், திருச்சி வழியாக நாகைக்கு ஓர் இரவுப் பயணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ். வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட சாலையில் போகும். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது அந்தச் சாலைதான். குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். பூக்கூடையோடு நிற்பது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். அந்தப் படகு கால்மணி நேரத்தில் போய்விடும். அரிசி மூட்டை, சிமெண்டு, கேஸ் சிலிண்டரோடு நிற்பதுதான் நெடுந்தீவுக் கூட்டம். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் முதலில் தப்பான வரிசையில் நின்றேன்.

அங்கே இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சுற்றிக் காட்டுவார்கள். மூன்று மணி நேரம் தாராளம். நான் மதியப் படகிலேயே திரும்பிவிட்டேன். நல்ல வெயில், நிழல் குறைவு, கடைகள் குறைவு. உண்மையைச் சொன்னால் காலியான ஊர். வீடு கிடைக்கும் என்று பெரிதாக நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

மாவிலித்துறையான்:

‘காலியான ஊர்’ என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பேரனின் கைபேசியை வாங்கிக்கொண்டேன்.

நான் நெடுந்தீவில் பிறந்து இருபத்தாறு வயதுவரை அங்கேயே இருந்தவன். இப்போது ஊத்தங்கரைப் பக்கத்து முகாமில் இருக்கிறேன். முப்பது வருடம் பெயிண்டு அடித்தேன். கிருஷ்ணகிரியில் எத்தனையோ மாடிவீடுகளின் வெளிச்சுவர் என் கை பட்டது. இப்போது வலது தோள் தலைக்கு மேலே போகாது, அதனால் எழுதுகிறேன்.

ஓசூர்த் தம்பி, நீங்கள் ஆட்களைப் பார்க்காததற்குக் காரணம் நீங்கள் போன நேரம். உச்சி வெயிலில் எங்கள் ஊரில் நாயும் வெளியே வராது. அந்தத் தீவுக்கு மணிக்கூடு படகுதான். காலையில் ஆசிரியர்களும் அலுவலர்களும் வந்து இறங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் (அரசாங்க அலுவலகம்) போகிறவர்கள் ஏறுவார்கள். அந்த அரை மணி நேரம் மாவிலித்துறையில் போய் நில்லுங்கள், ஊரே அங்கே நிற்கும். அதற்குப் பிறகு அவரவர் வளவுக்குள் போய்விடுவார்கள். கல்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ஆட்டோவில் போகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரிவார்கள்?

ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் நிலம். நான்காயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். பாலக்கோடு டவுனில் மட்டும் அதைவிடப் பல மடங்கு சனம். அந்தக் கணக்கில் ஆட்கள் குறைவு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிறது, கோயிலில் திருவிழா நடக்கிறது, தேவாலயத்தில் பூசை நடக்கிறது, மாடு கன்று போடுகிறது.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த ஊர் டீக்கடைகளில் கச்சத்தீவைப் பற்றிப் பேசாமல் ஒரு தேர்தலும் கடந்ததில்லை. அந்தக் கச்சத்தீவு இலங்கை நிர்வாகக் கணக்கில் எங்கள் நெடுந்தீவுப் பிரிவுக்குள்தான் வருகிறது. அந்தோனியார் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் போகிறது. குடியிருப்பும் குடிதண்ணீரும் இல்லாத அந்தத் துண்டு நிலத்தைத் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் சனம் வாழ்கிற எங்கள் ஊரைச் சொன்னால் ‘அது எங்கே’ என்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக எனக்கு இந்தக் கேள்விதான்.

மருமகன் தம்பிக்கு ஒரு காரியமான குறிப்பு. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ரோட்டர்டாம், நயினாதீவு ஹார்லம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றவை உதிர்ந்துவிட்டன, எங்களுடையது மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத் தாள்களில் இன்றைக்கும் டெல்ஃப்ட்தான். மாமியிடம் பழைய சான்றிதழ் ஏதாவது இருந்தால் அந்தப் பெயரைத் தேடுங்கள். கிராம அலுவலர் பிரிவும் அதில் இருக்கும். அதுதான் உங்களுக்குக் கதவு எண்.

குதிரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பண்ணைக் குதிரைகளின் சந்ததி, அவிழ்த்துவிட்டபடி திரிகிறது. கோடையில் குட்டை வற்றினால் தண்ணீரில்லாமல் செத்துக் கிடக்கும். அதை யாரும் வீடியோவில் போடுவதில்லை. நாங்கள் சோறு தின்றது குதிரையால் அல்ல, மாட்டாலும் பனையாலும் கடலாலும்.

வேலிக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் வேலைக்கு உதவப்போகிறது. யாழ்ப்பாணத்தில் கதியால் (துளிர்க்கிற மரக்கம்பு) நட்டு வேலி போடுவார்கள். எங்கள் நிலத்தில் மண் ஒரு சாண். அதற்குக் கீழே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். நிலத்தைத் திருத்தத் திருத்தக் கல்லாக வரும். அந்தக் கல்லை எங்கே போடுவது? எல்லையில் அடுக்கினார்கள். மண் சாந்து இல்லை, சிமெண்டு இல்லை. கல்லின் மேல் கல். ஓட்டை ஓட்டையாக இருக்கும். சிறுவயதில் அந்த ஓட்டைகளை மண் வைத்து அடைத்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வைகாசியில் கிளம்பினால் ஆவணிவரை அறையும். ஓட்டை வழியாகக் காற்று போனால் வேலி நிற்கும், அடைத்தால் ஒரே நாளில் சரியும். அப்பா இதைச் சொல்லிவிட்டு அடித்தாரா, அடித்துவிட்டுச் சொன்னாரா என்பது மறந்துவிட்டது.

முகாமுக்கு வந்த புதிதில், இங்கே வயலோரத்தில் கல் அடுக்கியிருப்பதைப் பார்த்து ஓடிப்போய்த் தொட்டேன். இந்தக் கல் வேறு. கனம், வழவழப்பு, வெயிலில் சுடும். எங்கள் கல் பார்வைக்குப் பெரிதாக இருக்கும், தூக்கினால் லேசாக இருக்கும். அரம் மாதிரி உள்ளங்கையை அறுக்கும். அடுக்குகிறவரின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. சிலர் அடியில் பெரியதைப் போட்டு மேலே தட்டையாக முடிப்பார்கள், சிலர் மேல்வரிசையைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். மாமியின் தகப்பனார் எப்படி அடுக்கினார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கட்டாயம் நினைவிருக்கும்.

இனி வீடு. மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், வீடு நிற்காது. ஆள் இல்லாத ஓலைக்கூரை இரண்டு மாரிக்குத் தாங்காது. ஓடு போட்டிருந்தால் ஓடும், கதவு நிலையும் கைமாறியிருக்கும். சுவருக்குள் ஆல் முளைத்திருக்கும். ஆனால் கிணறு எங்கும் போகாது.

ஆகவே அங்கே இறங்கி ‘இன்னார் வீடு எங்கே’ என்று கேட்காதீர்கள், இளையவர்களுக்குத் தெரியாது. ‘இன்னார் கிணறு எங்கே’ என்று வயதான ஒரு பெண்ணிடம் கேளுங்கள். தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் தீவில் தோண்டுகிற இடமெல்லாம் தண்ணீர் வரும், பாதிக்கு மேல் உவர். நல்ல தண்ணீர்க் கிணறுகளை விரல்விட்டு எண்ணலாம். சாறாப்பிட்டிக் கிணறுகளுக்குக் குடத்தோடு எவ்வளவு தூரத்திலிருந்து நடந்தார்கள் என்று மாமியே சொல்வார். யாருடைய கிணறு தையிலேயே கசக்கும், யாருடையது மாசிவரை இனிக்கும் என்பது அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு மனப்பாடம். மேற்குப் பக்கத்தில் பெரும்பாலும் மாசியோடு சரி.

போகிற காலம் மாசி, பங்குனி. கடல் அடங்கிக் கிடக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். ஒடியற்கூழ் கிடைத்தால் குடியுங்கள். பொங்கலுக்கு இந்தப் பக்கம் அவித்து விற்கிற அதே பனங்கிழங்குதான். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள். களி தின்று வளர்ந்தவருக்கு அது பிடிக்காமல் போகாது.

படகில் யாரிடமாவது குமுதினி என்ற பெயரைக் கேட்பதானால் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்தவர்களைக் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதே படகு பிறகும் பல வருடம் ஓடியது. எங்களுக்கு வேறு வழி இல்லை, அதில்தான் ஏறினோம். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

மாமியிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள். கிணறு வட்டமா, சதுரமா? விடியலில் கோயில் மணி கேட்குமா, தேவாலய மணி கேட்குமா? தகப்பனார் மாடு வைத்திருந்தாரா, வள்ளம் வைத்திருந்தாரா? இதைக்கொண்டு அரை மைலுக்குள் நான் இடத்தைச் சொல்லிவிடுவேன்.

பென்னாகரம் போர்வண்டி:

ஐயா எழுதியதில் தண்ணீர் பற்றியதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிற தொழில். இலங்கைக்குப் போனதில்லை.

பாம்பன் பக்கம் ஒருமுறை வேலைக்குக் கூப்பிட்டார்கள். இருபது அடியில் தண்ணீர் வந்தது, குடித்துப் பார்த்தேன், இளநீர் மாதிரி இருந்தது. போதும் நிறுத்தலாம் என்றேன். நம் ஊர் வழக்கத்தில் ஆயிரம் அடி இறக்கிப் பழகிய வண்டி என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘இன்னும் இறக்குங்கள், நிறைய வரட்டும்’ என்றார் உடைமையாளர். இறக்கினேன். அறுபது அடியில் உப்புக்கரித்தது. மேலே இருந்த நல்ல தண்ணீரும் அதோடு போயிற்று. கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் பல நாள் மனது உறுத்தியது. பிறகு கல்லூரியில் நிலவியல் படிக்கிற என் அக்கா மகனைக் கேட்டேன்.

அவன் சொன்னது: தீவில் பெய்கிற மழை கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, கீழே ஏற்கெனவே நிற்கிற கடல்நீரின் மேல் மிதக்கும். நன்னீர் கொஞ்சம் லேசு, கடல்நீர் கொஞ்சம் கனம். அந்த வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் அதற்குக் கீழே நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இது கணக்குப்படி. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும், உப்பு அவ்வளவு மேலே ஏறும். வாளியால் மெதுவாக இறைத்தால் தெரியாது. மோட்டார் வைத்து இழுத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்குகிற சமயத்தில் இந்தக் கணக்கைச் சொன்ன இருவரில் ஒருவர் டச்சுக்காரராம். ஐயா சொல்கிற ஒல்லாந்தர்தானே அவர்கள்? தீவுக்குப் பெயர் வைத்தவர்கள் இதையும் அப்போதே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நம் பக்கம் இதற்கு நேர்மாறு. பாறைக்குள் வெடிப்புத் தேடி இறங்க வேண்டும். ஆழமாகப் போகப் போக ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அளவு; அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான், என் முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு பிறந்த என் மகளுக்கு அது இல்லை. அந்த அம்மா ஊரில் கெட்ட தண்ணீர் நாக்கிலேயே தெரிந்துவிடும். இங்கே நாக்கில் இனிக்கும், பத்து வருடம் கழித்துப் பல்லில் தெரியும்.

பாலக்கோட்டுத் தம்பி, முப்பத்தைந்து வருடம் யாரும் இறைக்காத கிணறு என்றால் மேல்தண்ணீர் இனிப்பாகவே நிற்கலாம். அதற்காக எடுத்துக் குடித்துவிடாதீர்கள். இலையும் தவளையும் எத்தனை வருடமாக ஊறிக்கொண்டிருக்கின்றனவோ.

ஓசூர் பயணி:

பெரியவர் மன்னிக்க வேண்டும். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பெருக்கமரத்துக்கு முன்னால் நான் நிற்கிற படத்தில், பின்னால் வேலிக்கு மேலே ஒரு பெண்மணியின் தலை தெரிகிறது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை.

மருமகனுக்கு ஒரு தகவல்: கைபேசிக்கு மின்சாரம் சேமிக்கும் பெட்டி ஒன்று எடுத்துப்போங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்தை இந்திய மானியத்தில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. நான் போனபோது என் காதில் விழுந்தது ஜெனரேட்டர் சத்தம்தான்.

பாலக்கோடு மருமகன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, முழுவதையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். டிவியை அணைக்கச் சொன்னார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். குமுதினி என்ற இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் நிறுத்தினேன். உள்ளே இருந்தபடியே “படியுங்கள், கேட்கிறது” என்றார்.

பெரியவர் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டேன். கிணறு சதுரம். மேல்படியில் ஒரு கல் உடைந்திருக்கும்; உடைத்தது அவருடைய தம்பி. மணி இரண்டும் கேட்குமாம்: வாடை வீசினால் ஒன்று, சோளகம் வீசினால் மற்றது. எந்தக் காற்றுக்கு எந்த மணி என்று கேட்டேன். “அதை அவருக்கே விட்டுவிடுங்கள், ஊர்க்காரர் என்றால் தெரியட்டும்” என்கிறார். தகப்பனார் மாடும் வைத்திருந்தார், பங்குக்கு வள்ளமும் வைத்திருந்தார். வேலியின் மேல்வரிசை செங்குத்து.

ஆனால் ஒரு விஷயத்தில் கடுமையான கோபம். ‘மேற்குப் பக்கம் மாசியோடு சரி’ என்று பெரியவர் எழுதியதைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார். “எங்கள் கிணறு பங்குனி முடியும்வரை இனிக்கும். இந்த மனிதர் கிழக்குப் பக்கத்து ஆளாக இருப்பார், அதுதான் இப்படி எழுதுகிறார்” என்றார். இதை அப்படியே எழுதச் சொல்லி உத்தரவு. எழுதிவிட்டேன்.

சான்றிதழ் கிடைத்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. டெல்ஃப்ட் என்றுதான் இருக்கிறது. ஏழு வருடமாக இந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் இருப்பதே எனக்குத் தெரியாது. மாசிக் கடைசியில் கிளம்புகிறேன். அதற்குள் தக்காளி விலை விழுந்துவிட்டால் லீவு கேட்கவே வேண்டாம், முதலாளியே போகச் சொல்லிவிடுவார்.

அத்தைக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெரியவருக்கு ஏதாவது வேண்டுமா?

மாவிலித்துறையான்:

நான் கிழக்குத்தான். மாமி சரியாகப் பிடித்துவிட்டார்.

சதுரக் கிணறு, செங்குத்து வேலி, மாடும் பங்கு வள்ளமும். யாருடைய வளவு என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. பொதுவில் பெயர் போட வேண்டாம், தனியாக எழுதுகிறேன். கோயில் மணி வாடைக்கு, தேவாலய மணி சோளகத்துக்கு. சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அது நல்ல தண்ணீர்தான். ஒரு பங்குனியில் அந்தப் பக்கம் மாடு தேடிப் போனபோது, படலையில் நின்று வாங்கிக் குடித்திருக்கிறேன். செம்பில் கொண்டுவந்து கொடுத்தது ஒரு சிறுபெண். மறந்துவிட்டு எழுதிவிட்டேன் என்று மாமியிடம் சொல்லுங்கள்.

எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது) கிடைத்தால் மாமிக்கு வாங்குங்கள்; மழை ஈரம் படாமல் ஓலையில் சுற்றிக் கட்டித் தரச் சொல்லுங்கள். எனக்கு ஒரு படம் போதும். குதிரை, மரம், கோட்டை ஒன்றும் வேண்டாம். அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து எடுங்கள், தண்ணீர் தெரிகிற மாதிரி.